விண்ணப்பம் போடாதவரைத் தேடுங்கள்

கேள்வி: அக்கா, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இருக்கும் பிறையில் நாங்கள் ஐந்து நண்பர்கள் சேர்ந்து, தமிழ் பேசும் பால்புதுமை (ஒருபாலீர்ப்பாளர், திருநர் போன்ற) இளைஞர்களுக்காக ஆறு மாதத் தலைமைத்துவப் பயிற்சி ஒன்றைத் தொடங்கப் போகிறோம். மாதம் ஒரு ஞாயிறு, 18 முதல் 24 வயது வரை இருபது பேர். நான்கு வழிநடத்துநர்கள் தேவை. இன்ஸ்டாகிராமில் அறிவிப்புப் போட்டதில் 31 விண்ணப்பங்கள் வந்தன. பெரும்பாலும் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பட்டதாரிகள். பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் பக்கமிருந்து ஒருவர்கூட இல்லை. விண்ணப்பித்தவர்களில் நன்றாகப் பேசக்கூடிய தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவர் இருக்கிறார். நண்பர்கள் அவரையே முதலில் எடுக்கச் சொல்கிறார்கள். வழிநடத்துநர்கள் எல்லாரும் பால்புதுமையராகவே இருக்க வேண்டுமா? நம்பகமானவரா என்று எப்படிப் பார்ப்பது? நிதி தருபவர்கள் பெயரும் படமும் கேட்கிறார்கள். ஓர் அமர்வுக்கு 100 வெள்ளிதான் (ரிங்கிட்) எங்களால் தர முடியும். கடைசியாக, நானே ஒரு வழிநடத்துநராக இருக்கலாமா? எங்கள் விண்ணப்பப் படிவத்தையும் இணைத்திருக்கிறேன்.
பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பியா தங்கையா என்பதும் கடிதத்தில் இல்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை. பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குக் கிடைத்த இந்த வசதியை உங்கள் படிவத்தை நிரப்புகிறவர்களுக்கும் கொடுத்திருந்தால், இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காதோ என்று தோன்றியது.

படிவத்தை இரண்டு முறை படித்தேன். முழுப்பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, முகநூல் கணக்கு, பாலின அடையாளம், பரிந்துரை செய்ய இரண்டு பேர். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘உங்கள் வாழ்க்கைப் பயணத்தை 500 சொற்களில் எழுதுக.’ பிறை அடுக்குமாடியில் இரண்டு தம்பிகளோடு ஒரே அறையில் படுத்துத் தூங்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பெற்ற அம்மாவிடம் சொல்லாததை முகம் தெரியாத ஐந்து பேருக்கு எழுத வேண்டும். கீழே அடையாள அட்டை எண்ணையும் போட வேண்டும். யார் போடுவார்? ஏற்கெனவே வெளிப்படையாக வாழ்பவர் போடுவார். தனியாக வாடகைக்கு இருப்பவர், இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்கும் என்ற தெம்பு உள்ளவர் போடுவார். உங்களுக்கு வந்த 31 பேரும் அப்படிப்பட்டவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. நீங்கள் வைத்த வாசலின் உயரம் அவ்வளவு.

உள்ளூர்க்காரர்களின் பயத்துக்குக் காரணமும் உண்டு. ‘இயற்கைக்கு மாறான உடலுறவு’ என்று சட்டம் சொல்வதற்கு, மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கின்றன. எந்த மதத்தவருக்கும் அவை பொருந்தும். தண்டனை செயலுக்குத்தான். ஒருவர் இன்னாராக இருப்பதையோ, ஒரு பயிற்சியில் உட்கார்ந்து பேசுவதையோ அந்தப் பிரிவுகள் குற்றமாக்கவில்லை. ஆனால் இந்த வேறுபாட்டைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ள அப்பாவுக்கோ முதலாளிக்கோ நேரம் இருக்காது. விண்ணப்பிப்பவர் தமிழ் முஸ்லிமாக இருந்தால் மாநில ஷரியா குற்றச் சட்டங்களும் அவருக்குச் சேர்ந்துகொள்ளும். ஆகவே இரண்டு பேருக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. அதை முதல் சந்திப்பிலேயே திறந்து சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விடுங்கள். அவருக்காகப் பயந்து நீங்களே அவரைத் தள்ளிவிடுவதும் தவறு, தைரியம் சொல்லி இழுத்து வருவதும் தவறு.

படிவத்தை இன்றைக்கே மூடிவிடுங்கள். வந்த விவரங்களை ஒருவர் மட்டும் திறக்கக்கூடிய இடத்துக்கு மாற்றிவிட்டு, மற்ற நால்வரின் கைப்பேசியில் இருக்கும் நகல்களை அழியுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். அது வணிகப் பரிவர்த்தனைகளுக்காக எழுதப்பட்ட சட்டம். கூடுதல் பாதுகாப்புக்கு உரியவை என்று அது சொல்லும் பட்டியலில் உடல்நலம், சமய நம்பிக்கை, அரசியல் கருத்து எல்லாம் உண்டு. பாலீர்ப்பு பெயர் சொல்லி இடம்பெறவில்லை. உங்கள் அலமாரிக்கு நீங்களேதான் பூட்டு.

புதிய படிவத்துக்கு மூன்று கேள்விகள் போதும். உங்களை எப்படிக் கூப்பிடுவது? எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைத்தால் உங்களுக்குத் தொல்லை இல்லை? உங்களைவிட இளையவர் ஒருவருக்குக் கடைசியாக என்ன உதவி செய்தீர்கள்? பதிலை எழுத வேண்டியதில்லை, குரல் பதிவாகவே அனுப்பலாம். நன்றாக எழுதுகிறவரும் நன்றாக வழிநடத்துகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. அதை நானே என் செலவில் கற்றுக்கொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் செந்தூலில் ஓர் இளைஞர் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அப்போதும் ஒரு தன்முனைப்புப் பேச்சாளர் வந்தார். மேடை அதிரும் குரல், நகைச்சுவை, நேரக்கட்டுப்பாடு என்று எதிலும் குறை சொல்ல முடியாது. அவரை எடுத்தேன். அதே நாளில் இன்னொரு பையனைத் திருப்பி அனுப்பினேன். ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேறாதவர், உறுமி மேளக் குழு ஒன்றில் சின்னப் பையன்களை மேய்த்துக்கொண்டிருந்தவர்; ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை மூச்சு வாங்குவார். முதல் மாதம் 14 பேர் வந்தார்கள். கைதட்டினார்கள், சிரித்தார்கள். மூன்றாம் மாதம் ஐந்து பேர். பிறகுதான் விசாரித்தேன். அந்தப் 14 பேரில் பாதிக்கு மேல் அந்த மேளக்காரர் சொல்லி வந்தவர்கள். உள்ளே வந்து அவரைத் தேடியிருக்கிறார்கள். அவர் இல்லை. பேச்சாளரின் பேச்சைக் கேட்டுவிட்டு, பேச வேண்டிய தங்கள் கதையை மடியிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் பேச்சாளரை எனக்குத் தெரியாது, நல்லவராகவே இருக்கட்டும். தொடக்க நாளில் அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள், கூலி கொடுத்து அனுப்புங்கள். நம் ஊரில் இளைஞர் முகாம் என்றாலே மைக் பிடிக்கிறவர், அழவைக்கிறவர், கடைசியில் மெழுகுவத்தி ஏற்றி அம்மாவை நினைக்கச் சொல்கிறவர் என்று ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. அம்மா வீட்டைவிட்டுத் துரத்திய பிள்ளை அந்த மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

இனி தேடும் வேலைக்கு வருவோம். பயிற்சிக்கு வரக்கூடிய இளைஞர்களில் ஆறேழு பேரையாவது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இரவு இரண்டு மணிக்கு வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டால் முதலில் யாரை அழைப்பாய்?’ ஒரே பெயர் இரண்டு வாயிலிருந்து வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பட்டர்வொர்த்தில் மணப்பெண் அலங்காரம் செய்யும் திருநங்கையாக இருக்கலாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் லைன் லீடராக இருக்கலாம். வீட்டு வரவேற்பறையில் டியூஷன் எடுக்கும் அக்காவாக இருக்கலாம். அந்த அக்கா யாரை விரும்புகிறார் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் பெயர் கிடைத்ததும் நீங்களாகவே அழைத்துவிடாதீர்கள். பெயர் சொன்ன பிள்ளையே முதலில் கேட்கட்டும். ‘உங்களைப் பற்றி இன்னார் சொன்னார்’ என்று முன்பின் தெரியாத ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்து நின்றால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

கேட்டவுடன் அவர்கள் சொல்லும் முதல் பதில் ‘எனக்கு என்ன தெரியும்?’ என்பதுதான். இரண்டாவது பதில் ‘ஞாயிறு வேலை.’ முதலாவதற்குச் சமாதானம் சொல்வது சுலபம். இரண்டாவதற்குத்தான் நீங்கள் அட்டவணையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிஃப்ட் மாறி மாறி வரும் ஊர் நம் ஊர். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவரைக் காலை ஒன்பது மணிக்குப் புன்னகையோடு உட்காரச் சொல்ல முடியாது. முதலில் ஆளை உறுதி செய்யுங்கள், அவருடைய ஷிஃப்ட் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். மண்டபம் கிடைத்த தேதிக்கு ஆள் பிடிப்பது தலைகீழ் வேலை. மாலை ஐந்து மணிக்குள் முடிப்பதும் முக்கியம். இருட்டிய பிறகு வெளியே நிற்கும் மகளிடம் நம் வீடுகள் கேட்கும் கேள்விகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. இந்த ஒன்றைக் கவனிக்காததாலேயே இப்படிப்பட்ட பயிற்சிகள் பையன்கள் சங்கமாக மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

நால்வரும் பால்புதுமையராக இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: மூவராவது இருக்க வேண்டும், அந்த மூவரும் ஆண்களாக இருக்கக் கூடாது. நான்காமவர் வெளியாளாக இருக்கலாம், தன்னைப் பற்றிப் பேசாமல் இருக்கத் தெரிந்தால். ‘என் நண்பர்கள் பலர் இப்படித்தான்’ என்று தொடங்குகிறவர் வேண்டாம். அர்த்தநாரீஸ்வரர், சிகண்டி, கூவாகம் என்று புராணத்தை அவிழ்த்து ஆறுதல் சொல்கிறவரும் வேண்டாம் என்பேன். இதில் சிலருக்கு என் மேல் கோபம் வரலாம். இருபது பேரில் கிறிஸ்தவரும் முஸ்லிமும் இருப்பார்கள் என்பது ஒரு காரணம். வீட்டில் அடிவாங்கிவிட்டு வந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தான் இருப்பதற்குச் சாமியிடமிருந்து சான்றிதழ் வாங்கித் தர வேண்டியதில்லை என்பது இன்னொரு காரணம்.

நம்பகத்தை அறிய நேர்காணல் உதவாது. நேர்காணலில் எல்லாரும் ரகசியம் காப்பார்கள். ஒரு முறை ஒரு பொய்த் தகவலைச் சொல்லி, அது வெளியே போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை, ஆனால் சோதித்தேன் என்று தெரிந்தபோது அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. அதன் பிறகு அந்தக் குறுக்கு வழியை விட்டேன். இப்போது செய்வது இதுதான்: எட்டு பேரை அரைநாளுக்குக் கூப்பிட்டு, அதற்கும் கூலி கொடுத்து, ஒரு சூழலை நடித்துப் பார்க்கச் சொல்வேன். தேநீர் இடைவேளையில் ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்று, ‘அண்ணே, அம்மா என் போனைப் பார்த்துவிட்டார்’ என்கிறான். அவ்வளவுதான் வசனம். ஒருவர் உடனே அறிவுரை சொல்வார். ஒருவர் தனக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்குவார். ஒருவர் கட்டிப்பிடிப்பார், கேட்காமலேயே. ‘இன்றிரவு தூங்க இடம் இருக்கிறதா?’ என்று கேட்கிறவரை எடுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

பரிந்துரைக் கடிதம் இரண்டையும் நீக்கிவிட்டு, அவரால் உதவி பெற்ற இரண்டு இளையவர்களோடு பேசுங்கள். சங்கத் தலைவரின் கையெழுத்தை விட அந்த இரண்டு பேரின் தயக்கம் அதிகம் சொல்லும்.

அரைநாளில் இன்னொன்றையும் கவனியுங்கள்: சொற்கள். தமிழ்நாடு அரசு 2022-இல் இதற்கென்று ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. பால்புதுமையர், திருநம்பி என்பவை இப்போது அச்சில் பழகிவிட்டன. பிறையில் வளர்ந்த பிள்ளைக்கு அவை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தன்னைப் பற்றி அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் பள்ளித் திடலில் மற்றவர்கள் கத்திய வசைச்சொல்லாக இருக்கலாம். அவன் அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது ‘அப்படிச் சொல்லக் கூடாது’ என்று திருத்துகிறவர் அவன் வாயை மூடிவிடுகிறார். நல்ல சொல்லைத் தானே பயன்படுத்திக் காட்டினால் போதும், இரண்டாம் மாதத்தில் அவனும் பயன்படுத்துவான். தமிழில் நமக்கு ஒரு சலுகையும் உண்டு. நானுக்கும் நீங்களுக்கும் பால் இல்லை. அவர் என்ற சொல்லுக்கும் இல்லை. யாரையும் அவன், அவள் ஆக்காமலே ஒரு நாள் முழுக்கப் பேசிவிடலாம். (இந்தப் பத்தியில் நானே அவன் என்று எழுதிவிட்டேன் பாருங்கள், பழக்கம்.)

எடுத்தபின் எழுதி வாங்க வேண்டியவை சில. அந்த ஆறு மாதமும், முடிந்து இன்னும் ஆறு மாதமும், பயிற்சியில் இருப்பவரோடு காதலோ உறவோ கூடாது. நம் வட்டம் சிறியது, வழிநடத்துநருக்கு 26 வயது, வந்திருப்பவருக்கு 22, இது நடக்கும். நடக்காது என்று சொல்கிறவர் இந்த வேலைக்குப் புதியவர். எனவே வெட்கப்படாமல் பேசி, கையெழுத்து வாங்குங்கள். 18 வயது என்ற வரம்பைத் தளர்த்தாதீர்கள். 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி அதற்குக் கீழே இருப்பவர் குழந்தை, அங்கே பொறுப்பே வேறு.

இன்னொன்று, யாரும் தங்களை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்குப் பதிவு வேண்டும். வழிநடத்துநரின் வேலை கேட்பது, கைமாற்றி விடுவது. யாரிடம் கைமாற்றுவது என்பதற்குப் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் பிஃப்ரெண்டர்ஸ் தொலைபேசி உதவிச் சேவை இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் நால்வருக்கும் சொல்லுங்கள். போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்த காலம் ஒன்று உண்டு.

நிதி தருபவர்கள் கேட்கும் படத்துக்கு, கொடுக்க முடியாது என்பதே பதில். முதுகைக் காட்டி எடுக்கலாம், கைகளை மட்டும் எடுக்கலாம் என்பார்கள். அக்கா வாங்கித் தந்த கைக்கடிகாரத்தை அக்காவுக்கு அடையாளம் தெரியாதா? ஜார்ஜ்டவுனில் 2018 ஆகஸ்டில் ஒரு புகைப்படக் கண்காட்சியிலிருந்து நிஷா அயூப், பாங் கீ தெய்க் இருவரின் படங்களை அகற்றவைத்தார்கள். உலகமறிந்த பால்புதுமையர் உரிமைச் செயற்பாட்டாளர்கள் அவர்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் நிஷா அனைத்துலகத் துணிச்சல்மிகு பெண்கள் விருது பெற்றிருந்தார். அவர்களுடைய படத்துக்கே உங்கள் ஊரில் அந்தக் கதி என்றால் உங்கள் லைன் லீடரின் படம் எங்கெங்கே போகும்? எண்ணிக்கை கொடுங்கள், பங்கேற்றவர்கள் செய்து முடித்த வேலைகளை எழுதிக் கொடுங்கள். கணக்குத் தணிக்கைக்குக் கையெழுத்துள்ள ரசீது வேண்டும் என்பது நியாயம். அதை ஒருவர் பொறுப்பில், பயிற்சியின் மற்ற தாள்களோடு சேர்க்காமல், தனியாகப் பூட்டி வையுங்கள். டூயிட்நவ் என்ற இணையப் பணப்பரிமாற்றம் வழியாகப் பணம் அனுப்பும்போது குறிப்பில் பயிற்சியின் பெயரைப் போடாதீர்கள், ‘வகுப்புக் கட்டணம்’ போதும். கைப்பேசித் திரையை வீட்டில் எத்தனை கண்கள் பார்க்கின்றன என்பது நமக்குத் தெரியும்.

100 வெள்ளி போதாது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு ஒருவர் வருகிறார். அமர்வுக்கு முன் ஒரு மாலை தயாரிப்பு, முடிந்தபின் இரண்டு மணி நேரம் பேசித் தீர்ப்பது, நடுவில் வரும் இரவு நேர அழைப்புகள். அமர்வு ஒரு நாள், வேலை இரண்டு நாள். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இலிருந்து மாதம் 1,700 வெள்ளி; 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளிக்குச் சற்று மேல். இரண்டு நாளுக்கு அந்த அடிமட்டக் கூலியையே நீங்கள் எட்டவில்லை. ஆறு அமர்வை நான்காகக் குறைத்துவிட்டு 150 கொடுங்கள், பயணச் செலவைத் தனியாகக் கொடுங்கள். சேவை மனப்பான்மை என்ற சொல்லை மட்டும் அந்த இடத்தில் எடுக்காதீர்கள்.

விண்ணப்பித்தவர்களில் நீங்கள் எடுக்காத எல்லாருக்கும் குறுஞ்செய்தி போதாது, ஆளுக்கு ஓர் அழைப்பு. ஏற்கெனவே பல இடங்களில் வேண்டாம் என்று கேட்டு வளர்ந்தவர்கள். கோலாலம்பூர்ப் பட்டதாரிகளில் இரண்டு பேர் பயிற்சித் தாள்களை எழுதித் தர உதவக்கூடும்; கேட்டுப் பாருங்கள்.

நீங்களே வழிநடத்துநராக இருக்கலாமா என்ற கேள்விக்கு: பணமும் பெயர்ப்பட்டியலும் உங்கள் கையில் இருக்கும்வரை வேண்டாம். வழிநடத்துநர் மேல் ஒரு புகார் என்றால் அந்தப் பிள்ளை யாரிடம் வந்து சொல்லும்? அதைக் கேட்பதற்கு அறைக்கு வெளியே ஒருவர் இருந்தாக வேண்டும், அது நீங்கள்தான். மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே வரலாம்.